ரோஸ் சீட்டு

2019 டிசம்பர் கடைசி வாரம். மதுரை மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் எனக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பணி போட்டிருந்தார்கள். முதல் நாள் மாலையே போய்ச் சேர்ந்துவிட்டோம். வாக்குப்பெட்டியும் சாக்குப் பையும் வந்து இறங்கின. அரக்கு, நூல், அழியாத மை, முத்திரைக் கட்டை, கட்டுக்கட்டாக உறைகள், படிவங்கள். மூன்றாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே வாக்குச்சீட்டுகளை எண்ணிவிடலாம் என்று தரையில் உட்கார்ந்தோம்.

ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு வாக்கு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். எங்கள் பையில் மூன்று நிறம்தான் இருந்தது. இளஞ்சிவப்பு இல்லை. பயிற்சி வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள், அந்த ஊராட்சியில் தலைவர் போட்டியின்றித் தேர்வு என்று.

இருட்டுகிற நேரத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார். நல்ல மனிதர். கொசுவர்த்திச் சுருள், குடிதண்ணீர், எங்களோடு வந்த இரண்டு ஆசிரியைகள் படுக்கப் பக்கத்து வீட்டில் இடம் என்று எல்லாம் அவரே ஏற்பாடு செய்தார். "ஒங்களுக்கு நாளைக்கு வேல கொறச்சல்தான் சார். தலைவருக்கு ஓட்டே இல்ல. ஊர் கூடி ஒருமனசா முடிச்சிட்டோம். எங்க ஊர்ல பிரச்சினைங்கிறதே கெடையாது" என்றார். எனக்கும் அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. தேர்தல் பணிக்குப் போகிற ஆசிரியர்கள் எல்லோரும் வேண்டிக்கொள்வது அதைத்தான்.

மறுநாள் பத்து மணி இருக்கும். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். விரலில் மை வைத்து, மூன்று சீட்டையும் மடித்துக் கொடுத்தோம். வாங்கியவர் நகரவில்லை. மூன்றையும் விரித்துப் பார்த்தார்.

"ரோஸ் சீட்டு எங்க சார்? போன தடவ நாலு குடுத்தாக."

"தலைவருக்குத் தேர்தல் இல்லம்மா. போட்டியில்லாம எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தா?"

பெஞ்சில் இருந்த ஏஜென்ட் முந்திக்கொண்டார். "ஊர் கூடித்தான் எடுத்துச்சு. போய்க் குத்து ஆத்தா, பின்னால ஆள் நிக்குது."

"எங்க தெருவுல யாரையும் கூப்பிடலையே" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. தன் பெயர் விடுபட்டுப் போன ரேஷன் கார்டைக் காட்டிக் கேட்பதுபோலச் சொன்னார். நான் பதில் சொல்லாமல் அடுத்தவரின் பூத் சிலிப்பை வாங்கினேன். அவர் மறைப்புக்குள் போய் மூன்று சீட்டிலும் முத்திரை குத்திப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, பெட்டியை ஒப்படைத்துவிட்டுத் திரும்பும் வழியில் டீக்கடையில் மிச்சக் கதை கிடைத்தது. அந்த ஊரில் தலைவர் பதவி ஏலம் போயிருக்கிறது. கோயில் முன்னால் கூட்டம் போட்டு, கூடுதலாகக் கேட்டவருக்கு விட்டிருக்கிறார்கள். பணம் திருப்பணிக்கு. மற்றவர்கள் மனுவே போடவில்லை. அதே மாதம் கடலூர் மாவட்டத்தில் ஒரு ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாகச் செய்தி வந்து, நாடே பேசியது. நான் கேள்விப்பட்டது அந்த அளவுக்குப் பெரிய தொகை இல்லை. தொகை எனக்கு முக்கியமாகவும் படவில்லை. "ஊர் கூடி எடுத்தது" என்ற வார்த்தைதான் அன்றிலிருந்து தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

ஊர் என்றால் யார்?

தமிழில் இதைவிடப் பிரியமான சொல் அதிகமில்லை. ஆனால் பட்டியல் சாதியினரின் காலனியில் குடியிருப்பவர், நூறு அடி தள்ளியிருக்கும் கடைக்குப் போகும்போதும் "ஊருக்குள்ள போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்கிறார். வருவாய்த் துறைக் கணக்கில் இரண்டும் ஒரே கிராமம், ஒரே ஊராட்சி, ஒரே வாக்காளர் பட்டியல். பேச்சில் மட்டும் அவர் ஊருக்கு வெளியே இருக்கிறார். ஊர்க்கூட்டம், ஊர்க்கட்டு, ஊர்வரி எல்லாம் தலைக்கட்டுக் கணக்கில் ஓடுபவை. கல்யாணம் ஆன ஆண் ஒரு தலைக்கட்டு. எங்கள் ஊரில் கைம்பெண் வீட்டுக்கு அரை வரி, கூட்டத்தில் பேச்சு கிடையாது. காலனிக்கு வரியும் இல்லை, கூட்டத்துக்கு அழைப்பும் இல்லை. நான் ஊர்த்தெருவில் பிறந்தவன். முப்பது வயது வரை இந்தக் கணக்கில் எந்தக் குறையும் என் கண்ணில் பட்டதில்லை.

சமூக அறிவியல் ஆசிரியனாக எத்தனையோ வருடம் குடவோலை முறையை நடத்தியிருக்கிறேன். அதை நடத்துகிற நாளில் வகுப்பில் ஒரு பெருமிதம் வந்து உட்காரும். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு நேரில் போய் அந்தக் கல்வெட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். முப்பது குடும்புகள், இன்றைய வார்டுகள் மாதிரி. தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஓலையை மாற்றிவிடக் கூடாதல்லவா, அதற்கு. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே வருடத்தில் அதை 35 முதல் 70 என்று திருத்தியிருக்கிறார்கள். வாரியம் என்ற குழுவில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. கணக்குக் காட்டாத ஒருவருக்காக அவருடைய சொந்தக்காரர்களையும் ஒதுக்கிவைத்த அந்த ஒரு விதிக்காகவே அந்தச் சுவரைக் கும்பிடலாம்.

ஆனால் அதே சுவரில் மற்றத் தகுதிகளும் இருக்கின்றன. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர், அந்தச் சபை அங்கே நிலம் வைத்திருந்த பிராமணர்களின் சபை. உழுதவர்கள், ஏரியில் கரை போட்டவர்கள், பெண்கள் யாருடைய பெயரும் அந்தக் குடத்துக்குள் போகவில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூரைக் குறிப்பிட்டுப் பேசினார். தொலைக்காட்சியில் கேட்டபோது சிலிர்த்தது உண்மை. கூடவே ரோஸ் சீட்டு கேட்ட அம்மாவின் முகமும் வந்தது. நம் பிள்ளைகளுக்குக் குடத்தைப் பற்றிச் சொல்கிற நாளிலேயே, யாருடைய ஓலை அதற்குள் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நான் பல வருடம் சொல்லவில்லை.

இந்தக் கிராமப் பெருமைக்கு வெள்ளைக்காரர்களும் தூபம் போட்டிருக்கிறார்கள். 1830-இல் சார்லஸ் மெட்காஃப் என்ற கம்பெனி அதிகாரி, இந்தியக் கிராமங்கள் சின்னஞ்சிறு குடியரசுகள், அரசுகள் வரும் போகும், இவை மட்டும் நிலைத்து நிற்கும் என்று எழுதி வைத்தார். அந்தச் சித்திரம் நூறு வருடம் பலர் மனதை ஆட்டிவைத்தது. காந்தியின் கிராம சுயராஜ்யக் கனவுக்குப் பக்கத்திலும் அது இருந்தது.

1948 நவம்பர் 4. அரசியல் நிர்ணய சபையில் அரசியலமைப்பு வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் இந்த மெட்காஃபை நேராகவே எடுத்துக்கொண்டார். கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிக் கிடக்கும் இடமல்லாமல் வேறென்ன என்று கேட்டார். வரைவு கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதில் தமக்கு மகிழ்ச்சி என்றார். சபையில் பலருக்கு மனம் புண்பட்டது. அதே மாதம் 22-ஆம் தேதி, தஞ்சை மண்ணிலிருந்து போன கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுதான் இன்றைய 40-ஆவது பிரிவு. அரசுக்கான வழிகாட்டு நெறிமுறைப் பகுதியில் வைத்ததால் நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத பிரிவு.

இந்த இருவரில் யார் சரி என்று கேட்டால், இருவரும்தான் என்பேன். அதிகாரம் ஊருக்கு வர வேண்டும் என்றார் சந்தானம். ஊர் என்ற பெயரில் நாலு வீட்டுக்குப் போய்விடக் கூடாது என்பது அம்பேத்கரின் கவலை. முதலாவதைச் சட்டமாக்கினோம். இரண்டாவதற்கு நம்மிடம் இருந்தது வாக்குச்சீட்டு ஒன்றுதான். தலைக்கட்டுக்கு ஒரு குரல் என்று இருந்த இடத்தில் தலைக்கு ஒரு வாக்கு என்று வந்து நின்றது அந்தச் சீட்டு.

அது எவ்வளவு பெரிய திருப்பம் என்பது 1951-52 தேர்தலில் தெரிந்தது. அதற்கு முன்பு சொத்து, வரி, படிப்பு இருந்தவர்களுக்கே வாக்கு. திடீரென்று 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். பட்டியல் எடுக்கப் போனவர்களிடம் வடக்கே பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்றே சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் இல்லாத ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கொடுமையான முடிவு என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. வீட்டின் பெயரில் ஒரு வாக்கு என்று அன்று சென் விட்டுக்கொடுத்திருந்தால், தெருவின் பெயரில் ஒரு வாக்கு என்பதும் பின்னாலேயே வந்திருக்கும்.

பெரிய தேர்தல்கள் பெரும்பாலும் காலத்தில் நடந்தன. ஊருக்குள் நடக்க வேண்டிய தேர்தல் மட்டும் எப்போதும் தள்ளிப்போனது. தமிழ்நாட்டில் 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986-இல்தான். அதற்குப் பிறகு 1996-இல். இடையில் அரசு நியமித்த தனி அலுவலர்களின் நிர்வாகம். நான் பள்ளியில் சேர்ந்து, படித்து முடிக்கிற வரைக்கும் என் ஊரில் ஒரு பஞ்சாயத்துத் தேர்தலும் நடந்து பார்த்ததில்லை. 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்துதான் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல், மாநிலத் தேர்தல் ஆணையம், பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு எல்லாம் கட்டாயமாயின. 1996 அக்டோபரில் தமிழ்நாட்டின் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகளில் தேர்தல் வந்தபோது, தலைவர் நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதை முதன்முறையாகச் சட்டம் முடிவு செய்தது. எங்கள் பக்கத்தில் அதை ஊர் ஏற்கவில்லை.

மேலூர் வட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியானது. மனுப் போட்டவர்களுக்கு மிரட்டல், வீடுகளுக்குத் தீ, தள்ளிவைத்த தேர்தல். கடைசியில் போலீஸ் பாதுகாப்போடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று, எரிந்த வீடுகளுக்கான நிவாரணம் பற்றிக் கேட்க மதுரைக்கு ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பினார். வண்டியை மறித்தார்கள். அவரையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பட்டப்பகலில், பயணிகள் பார்க்க.

நான் அப்போது மேலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். மறுநாள் பேருந்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நடத்துநர் டிக்கெட் கிழிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அன்று மாலை எங்கள் தெருத் திண்ணையில் பேசினார்கள். "பாவம்தான், ஆனா அவனுக்கு எதுக்கு இந்த வேல?" வெட்டியவர்களை யாரும் அங்கே நியாயப்படுத்தவில்லை. எதுக்கு இந்த வேல என்று கேட்டதோடு சரி. நானும் அந்தத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊராட்சித் தலைவர் ஊராட்சித் தலைவராக இருந்ததற்காகக் கொல்லப்பட்டிருக்கிறார், அந்த வேலை அவருடையது, மக்கள் கொடுத்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜனநாயகத்துக்கு வந்த ஆபத்து என்று யாராவது சொன்னால் டெல்லியோ சென்னையோ எனக்கு நினைவுக்கு வருவதில்லை. அந்தத் திண்ணைதான் வருகிறது.

வழக்கு நீண்டது. 17 பேருக்கு ஆயுள் தண்டனை, 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2019 நவம்பரில் அவர்களில் 13 பேரை நன்னடத்தை என்று சொல்லி முன்கூட்டியே விடுதலை செய்தார்கள். அடுத்த மாதம்தான் நான் மூன்று நிறச் சீட்டோடு அந்தப் பள்ளியில் உட்கார்ந்திருந்தேன்.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல். முதல் மூன்றும் மதுரை மாவட்டம், கடைசியது விருதுநகர். இவையும் தனித்தொகுதிகள். இந்த நான்கு ஊராட்சிகளிலும் பத்து வருடம் தலைவர் நிலைக்கவில்லை. தேர்தல் அறிவிப்பு வரும், ஒருவரும் மனுப் போட மாட்டார். போட்டாலும் ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்துப் பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுப்பார். பத்திரிகைகள் இதைத் தேர்தல் புறக்கணிப்பு என்றே எழுதின. புறக்கணிப்பு என்றால் தன் வாக்கைத் தான் போடாமலிருப்பது. இங்கே நடந்தது அடுத்தவரின் வாக்கையும் சேர்த்துப் பூட்டி வைத்தது. கூலிக்கும் தண்ணீருக்கும் நடக்கிற பாதைக்கும் ஊர்த்தெருவை நம்பியிருப்பவர், ஊர் வேண்டாம் என்ற பிறகு எதை நம்பி மனுப் போடுவார்?

2006 அக்டோபரில் நான்கிலும் தேர்தல் நடந்தது. மாவட்ட நிர்வாகம் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. கட்சிகள் பேசின. இயக்கங்கள் வருடக்கணக்காக விடாமல் நின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து சமத்துவப் பெருவிழா நடத்தினார் அன்றைய முதல்வர் கருணாநிதி. 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராமசபையில் அன்றைய முதல்வர் ஸ்டாலின் போய் உட்கார்ந்தார். இவற்றை நான் சம்பிரதாயம் என்று தள்ளிவிட மாட்டேன். அரசு முழு மனதோடு நின்றால், பத்து வருடம் திறக்காத பூட்டையும் திறக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்தோம்.

நாற்காலி கிடைத்த பிறகும் கதை முடிவதில்லை. ஊராட்சியின் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். தலைவர் பதவி தனித்தொகுதி. துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், அங்கே ஊர்த்தெருவுக்குத்தான் பெரும்பாலும் பெரும்பான்மை. துணைத்தலைவர் பேனாவை மூடிவைத்தால் தெருவிளக்கு பல்புகூட வாங்க முடியாது. 2020-இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு பட்டியல் சாதிப் பெண் தலைவரை மன்றக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. 2022 ஆகஸ்டில், பட்டியல் சாதித் தலைவர்கள் சுதந்திர தினக் கொடி ஏற்றுவதை யாரும் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் வந்து 75 வருடம் ஆன பிறகு.

ரகசிய வாக்கு என்கிறோமே, அதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மறைப்புக்குள் போகிறவரின் ரகசியம் பத்திரமாகத்தான் இருக்கிறது. அவருடைய தெருவின் ரகசியம் இல்லை. வார்டு உறுப்பினர் வாக்கு வார்டு வார்டாகத்தான் எண்ணப்படும். ஒரு வார்டில் சில நூறு வாக்கு, அது பெரும்பாலும் ஒரு தெரு அல்லது இரண்டு தெரு. சட்டமன்றம், நாடாளுமன்றம் என்றால் சாவடிவாரியாகக் கணக்கு படிவம் 20-இல் வெளியாகிவிடும். எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஐந்து வருடம் அந்தத் தெருவுக்குக் குழாய் வருவதும் வராததும் அதைப் பொறுத்தது. காகிதச் சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்ததும் அது போயிற்று. பல இயந்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. 2015-இல் சட்ட ஆணையமும் சொன்னது. ஆனாலும் அது நடைமுறைக்கு வரவில்லை. வாக்குக்குப் பணம் என்று நாம் வாய் ஓயாமல் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் கொடுத்த பணத்துக்குத் தெரு ஒழுங்காகப் போட்டதா என்று சரிபார்க்க முடிகிறதே, அந்த வசதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

போட்டியின்றித் தேர்வு என்ற செய்தியை நாம் நல்ல செய்தியாகவே படித்துப் பழகிவிட்டோம். குஜராத்தில் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கும் கிராமங்களுக்குச் சமரஸ் திட்டம் என்று பரிசுப் பணமே கொடுக்கிறார்கள். அதே மாநிலத்தில் 2024 மக்களவைத் தேர்தலில் சூரத் தொகுதியில் ஒருவரின் மனு தள்ளுபடியாகி, மற்றவர்கள் வாபஸ் வாங்கி, வாக்குப்பதிவே இல்லாமல் உறுப்பினர் தேர்வாகிவிட்டார். இத்தனைக்கும் 2013-லிருந்து நம்மிடம் நோட்டா இருக்கிறது. இருந்தும் யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்ல விரும்பிய சூரத் வாக்காளருக்கு அமுக்க ஒரு பொத்தான் கிடைக்கவில்லை. உண்மையிலேயே எல்லோரும் ஒரு மனதாக இருக்கும் ஊர் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. அப்படிப்பட்ட ஊருக்குத் தேர்தல் வைப்பதால் என்ன நட்டம்? எல்லோரும் வந்து அதே ஆளுக்குப் போட்டுவிட்டுப் போவார்கள். தேர்தல் வேண்டாம் என்று ஒரு ஊர் ஏன் இவ்வளவு பாடுபடுகிறது என்று கேட்கத்தான் வேண்டும். சச்சரவு வேண்டாம் என்று சொல்கிற பெரியவரின் மனசு எனக்குப் புரிகிறது. அவர் கொண்டுவந்த டீயை நானும் குடித்தேன். ஆனால் அந்த அம்மா கையில் நாலாவது சீட்டு இருந்திருந்தால் என்ன சச்சரவு வந்திருக்கும்? யாராவது ஒருவர் அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்று, "ஆத்தா, எனக்குப் போடுங்க" என்று கேட்டிருப்பார். ஐந்து வருடத்தில் ஒரு தடவை அந்த வாசலில் வந்து நிற்க வேண்டிய கட்டாயத்தைத்தான் அந்த ஏலத்தில் விற்றுவிட்டார்கள்.

2019-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தேர்தல் நடத்தாமல் 28 மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்களைப் போட்டார்கள். அதற்கு முன்பும் இப்படித்தான், 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 கடைசியில்தான் தேர்தல் வந்தது. வார்டு மறுவரையறை, நீதிமன்ற வழக்கு என்று ஒவ்வொரு தடவையும் காரணம் இருக்கிறது. சட்டமன்றத்தின் பதவிக்காலம் முடிந்து ஒரே ஒரு மாதம் இப்படித் தனி அலுவலர் ஆண்டால் தமிழ்நாடு தாங்குமா? ஊராட்சிக்கு மட்டும் அது பழகிப்போயிற்று.

2023 அக்டோபர் 2, எங்கள் ஊர்க் கிராமசபை. பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருந்தார்கள். எங்கள் மக்கள்தொகைக்கு 200 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். நூறுநாள் வேலைப் பெண்களை அழைத்துவந்து உட்கார வைத்திருந்தார்கள். தீர்மானப் புத்தகம் முதலில் கையெழுத்துக்காகச் சுற்றிவரும், என்ன தீர்மானம் என்பதைப் பிறகு எழுதிக்கொள்வார்கள். காலகாலமாக அப்படித்தான்.

புத்தகம் காலனிப் பக்கம் போனபோது ஒரு பெண் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். என்னிடம் ஏழாவது படித்தவள், இப்போது நர்சிங் படிக்கிறாள். "கணக்க வாசிங்கண்ணே" என்றாள் ஊராட்சிச் செயலரிடம்.

"போர்டுல ஒட்டியிருக்கும்மா."

"ஒட்டுனதத்தான் வாசிக்கச் சொல்றேன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் செயலரைப் பார்த்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி கழுவியது, காலனி ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது நீக்கியது.

"எந்த மோட்டார்?"

"காலனி மோட்டார்தான்."

"அது சித்திரையில இருந்து ஓடலண்ணே. தண்ணிக்கு ஊருக்குள்ளதான வாரோம்."

சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம், நேரில் வந்து பார்க்கிறோம் என்று இரண்டு மூன்று குரல்கள் வந்தன. அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் சொன்னத எழுதுங்க. எழுதுனப்பறம் கையெழுத்துப் போடுறேன்."

செயலர் எழுதினார். நாலு வரி. அவள் வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் "பழுது" என்பதற்கு முன்னால் தேதி போடச் சொன்னாள், போட்டார். பிறகு தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் நீட்டினாள். பக்கத்தில் இருந்த அம்மா ஏற்கெனவே கைநாட்டு வைத்தவர். அவர் புத்தகத்தை விடவில்லை. "என்ன எழுதியிருக்காகன்னு இன்னொருக்க சத்தமா வாசி" என்றார்.